சேந்தனேரித் திட்டும் உண்ணாமலையும்

உண்ணாமலை பிறந்த ஊர் ஆலங்குடிப் பக்கத்து வானம் பார்த்த பூமி. கிணற்றின் அடியில் ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடம் நிரப்பி வளர்ந்தவள். 1949-இல், தை மாதம், கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே சேந்தனேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் கணவன் சோலையப்பன் அந்த ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கிறவன்.

மாட்டு வண்டி கரைமேல் ஏறியதும் உண்ணாமலை எழுந்து நின்றுவிட்டாள். கண் எட்டியவரை தண்ணீர். நடுவில் ஒரு திட்டு. திட்டு முழுக்கக் கருவேல மரங்கள். ஆனால் மரங்கள் பச்சையாக இல்லை, வெள்ளையாக இருந்தன.

“ஏங்க, அம்புட்டு மரத்துலயும் யாரு வேட்டியக் காயப் போட்டது?”

சோலையப்பன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள் எங்கோ ஒரு பருந்து தாழ்ந்து வந்திருக்க வேண்டும். அத்தனை வேட்டியும் ஒரே நேரத்தில் மேலே கிளம்பின. நாரை, கொக்கு, வக்கா, நீர்க்காகம். றெக்கைச் சத்தம் மழை இறங்குவதுபோல் கேட்டது. மாடுகள் மிரண்டு நின்றன. புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தவர்களிடமும் அவள் பேசிய முதல் பேச்சு அதைப் பற்றித்தான்.

ஊராருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஐப்பசி மழைக்குப் பறவைகள் வரும், கூடு கட்டும், வெயில் ஏறினால் போய்விடும். எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் கருகருவென்று வரும் என்பதால் யாரும் கல்லெறிய மாட்டார்கள். முள்ளுக்கும் நாற்றத்துக்கும் பயந்து திட்டுப் பக்கம் போகவும் மாட்டார்கள்.

உண்ணாமலை ஒரு தடவை போனாள். சோலையப்பன் காய்ச்சலில் கிடந்தபோது அவனுடைய வாழைத்தண்டுத் தெப்பம் கயிறு அறுந்து காற்றில் திட்டுக்குப் போய்ச் செருகிக்கொண்டது. கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து அதை எடுக்கப் போனவள், தெப்பத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டாள். தலைக்கு மேலே உலை கொதிப்பதுபோல் குஞ்சுகளின் இரைச்சல். உச்சிவெயில். ஒரு நாரை கூட்டின் விளிம்பில் இரண்டு றெக்கையையும் விரித்துக் குடை மாதிரி நின்றது. அதன் நிழலுக்குள் மூன்று குஞ்சுகள். சூரியன் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அதன் ஜோடி கண்மாயில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, குடித்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேல் அலகால் ஒழுகவிட்டது. குஞ்சுகள் நனைந்த தலையைச் சிலுப்பின.

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையோடு நின்றாள்.

“புள்ளைக்கி வெயிலு சுடும்னு அதுக்கும் தெரியுதுங்க. குளிப்பாட்டி விடுதுங்க.”

“காச்சக்காரன்கிட்ட கதை சொல்லிக்கிட்டு நிக்கிறியே. மொதல்ல கஞ்சியக் குடு புள்ள” என்றான் சோலையப்பன்.

அறுபத்தொன்றாம் வருஷம் மழை பாதியில் நின்றது. கண்மாய் அரையளவுதான் நிறைந்தது. பறவைகள் மட்டும் எப்போதும்போல வந்து கூடு கட்டின. தை பிறக்கும்போது கதிர் பால் பிடித்திருந்தது, வயலோ வெடித்துக் கிடந்தது. கடைசித் தண்ணீரையும் திறந்துவிடுவது என்று கரையில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். நிறைய வயல் வைத்திருந்த பழனிச்சாமி சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். உண்ணாமலை எழுந்தாள்.

“மாமா, தண்ணி வயலுக்குத்தான். அதை நான் வேணாங்கல. திட்டச் சுத்தித் தண்ணி இருக்கதாலதான் நரி அங்கிட்டுப் போகாம இருக்கு. தண்ணி வத்திட்டா குஞ்சுக கதி என்ன? இன்னும் றெக்கைகூட மொளைக்கல.”

பழனிச்சாமி கெட்டவர் இல்லை. “எனக்கும் பாவமாத்தான் இருக்கு தாயி. ஆனா வீட்டுல இருக்க புள்ளைகளுக்கு எதைப் போடுறது?” என்றார்.

மறுநாள் அவள் புருஷனே மூழ்கி மடையைத் திறந்தான்.

தண்ணீர் இறங்க இறங்கத் திட்டின் தெற்குப் பக்கம் சேற்று மேடு தலைகாட்டியது. மற்ற பக்கங்களில் கரைக்கு மண் வெட்டிய பள்ளங்கள் இருந்ததால் தண்ணீர் தேங்கி நின்றது. தெற்கே மட்டும் கரையிலிருந்து நடந்தே போகலாம் என்றானது. ஒரு காலையில் உண்ணாமலை பார்த்தபோது அந்தச் சேற்றில் நரிகளின் கால்தடம். தாழ்ந்த கிளைகளில் இருந்த கூடுகள் கலைந்து கிடந்தன. கீழே இறகும் ரத்தமும். மேலே தாய்ப்பறவைகள் உட்காராமல் சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய் மம்பட்டியை எடுத்து வந்து அந்த மேட்டின் குறுக்கே வெட்ட ஆரம்பித்தாள். இரண்டு பக்கப் பள்ளங்களையும் ஒரு வாய்க்காலால் சேர்த்துவிட்டால் தண்ணீர் மறுபடி திட்டைச் சுற்றி நிற்கும் என்பது அவள் கணக்கு. வெட்டிய சேறு வழிந்து மறுபடி குழிக்குள் விழுந்தது. திரும்ப அள்ளினாள். கரையில் போனவர்கள் சிரித்தார்கள். பொழுது சாயும்போது சோலையப்பன் தன் மம்பட்டியோடு வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினான். இருட்டியதும் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டுக் காவல் இருந்தான்.

அடுத்த நாள் பழனிச்சாமியின் மனைவி மீனம்மாள் கஞ்சிக் கலயத்தோடு சேற்றில் இறங்கி வந்தாள். “கிறுக்குப் புடிச்சுப்போச்சாடி ஒனக்கு? மொதல்ல குடி” என்று திட்டிக்கொண்டே கலயத்தை நீட்டியவள், சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவள் பிறந்ததும் வாழ்ந்ததும் அதே ஊர். திட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. உச்சிவெயிலில் மரத்துக்கு மரம், கூட்டுக்குக் கூடு, றெக்கை விரித்த நாரைகள் ஆடாமல் அசையாமல் நின்றன. அலகைத் திறந்து மூச்சு வாங்கின. ஒன்றுகூட நிழலுக்குப் போகவில்லை. மீனம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கலயம் கையிலேயே இருந்தது.

“ஆத்தாடி” என்றாள் கடைசியில். “இத்தனை வருசமா இதைப் பாக்காமயா இருந்தேன்?”

அவள் ஊருக்குள் போய் வீடு வீடாக, “வந்து பாருங்கடி” என்று கூப்பிட்டாள். வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மம்பட்டியும் கூடையும் கொண்டு வந்தார்கள். சேறு கைமாறிக் கைமாறிக் கரைக்கு ஏறியது. பழனிச்சாமியும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கடைசிப் பாளத்தை உண்ணாமலைதான் வெட்டினாள். கிழக்குப் பள்ளத்துத் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்தது. மேற்குப் பள்ளத்துத் தண்ணீரும் வந்தது. இரண்டும் அவள் காலடியில் சேர்ந்து, கணுக்காலை மூடி, முழங்காலுக்கு ஏறின. யாரோ குலவையிட்டார்கள்.

எல்லாக் குஞ்சுகளும் பிழைக்கவில்லை. தாழ்ந்த கூடுகளில் போனது போனதுதான். மிஞ்சியவை பங்குனியில் கிளைகளில் நின்று றெக்கை அடித்துப் பழகின. ஒன்று தவறிச் சேற்றில் விழுந்தது. உண்ணாமலை தூக்கியதும் பயந்துபோய் அரைபட்ட நத்தைகளை அவள் மடியெல்லாம் கக்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டே அதைக் கிளையில் ஏற்றிவிட்டாள். அதன் நெஞ்சுக்கூடு படபடவென்று அடித்தது தன் உள்ளங்கைக்குள்ளேயே அடித்த மாதிரி இருந்தது என்று பிறகு சோலையப்பனிடம் சொன்னாள்.

அந்த வருஷம் கோடையில் கண்மாயில் வண்டல் அள்ளியபோது வாய்க்காலை ஆளுயரத்துக்கு ஆழப்படுத்தினார்கள். அள்ளிய மண்ணில் ஒரு பங்கைத் திட்டில் கொட்டி உயர்த்தினார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பழனிச்சாமியின் வண்டிதான் முதலில் மண் ஏற்றிப் போனது.

மழை அடுத்த ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் ஒரு காலை, உண்ணாமலை களை பறிக்கக் கரைவழியே போய்க்கொண்டிருந்தாள். தெற்கே கடல் பக்கமிருந்து பெரிய பறவைகள் வந்தன. றெக்கையை ஆட்டாமலே வானத்தில் மிதந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம் இருக்கும். அலகுக்குக் கீழே பை தொங்கியது. கோட்டைப்பட்டினத்தில் கருவாடு வாங்கி விற்கிற ராக்கன், “கூழைக்கடாவுல்ல! இங்கிட்டு வந்து நான் பாத்ததே இல்லையே” என்றான்.

அவை திட்டை வட்டமடித்தன. இறங்கி, வட்டமடித்து, மறுபடி இறங்கின. முதல் பறவை காலை நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அலை எழுந்து கரைவரை வந்தது. பின்னாலேயே மற்றவையும் இறங்கின. வயலுக்குக் கிளம்பியவர்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். களைக்கொட்டை இடுப்பில் செருகியபடி உண்ணாமலை அவர்கள் நடுவில் நின்றாள். வெயில் ஏறியது. வேலைக்கு நேரமாச்சு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.