ஒரே ஓர் எழுத்து

ஒரே ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார் அக்கா. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் எடிட்டரில், அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்களின் பட்டியல் விரியும். ஆள்காட்டி விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு இறங்கி, ஒரு பெயரில் நிற்பார். அப்புறம்தான் முகத்தில் ரத்தம் ஓடும்.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் டேட்டாபேஸ் அவர் கட்டியது. பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். அதில் தகவல்களை அடுக்கி வைத்திருக்கும் டேபிள்களுக்கெல்லாம் பெயர் வைத்ததும் அவரே. முன்பெல்லாம் எடிட்டர் எதையாவது எடுத்துக்கொடுத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் முடிக்கிறதுக்குள்ள இது என்ன முந்திரிக்கொட்டை?" என்று அந்த வசதியையே அணைத்து வைத்திருந்தார். கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

போன வருடம் அவரே அதைத் திறந்துவிட்டார். மூன்று எழுத்து அடித்தால் பட்டியல் வரும்படி வைத்தார். பிறகு இரண்டு. இப்போது ஒன்று. பக்கத்து நாற்காலிக்காரன் எனக்குத் தெரியாமல் போகுமா? தெரியாததுபோல் இருக்கிறேன். அவர் அனுப்புவதை எல்லாம் நானும் ஒருமுறை சரிபார்த்துவிடுகிறேன், மருந்து விஷயமாயிற்றே.

பெயருக்குப் பக்கத்தில் சின்னக் குறிப்பும் தோன்றும்படி செய்திருக்கிறார். "இது காலாவதி மருந்து. மாசக் கடைசில போடணும்." "இதத் தொடாத, அழிஞ்சிடும்." ஒன்றில் மட்டும், "பதறாத. போன வாட்டியும் சரியாத்தான் வந்துச்சு." அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் தெரியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அவருக்குத் தெரியும். டாக்டர் சொன்னப்ப அவர்தான் அழுதாரு." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல உக்காந்தேன்னா மிச்சமிருக்கற ஞாபகமும் போயிடும்டா. இங்க யார்கிட்டயும் வாய விட்டுடாத."

இன்று காலை வந்தால் எல்லா மேஜையிலும் புது மெஷின். பழையவை தள்ளுவண்டியில் அடுக்கியிருந்தன. வைரஸ் பயமாம், பழைய செட்டிங் எதுவும் தானாக வராதாம்.

"பழசுலேருந்து எதாவது எடுத்துத் தரணுமாக்கா? நானே உக்காந்து பாத்து எடுத்துத் தரேன்" என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர். "உங்களுக்கு எதுக்கு, நீங்கதான் நடமாடற டேட்டாபேஸாச்சே!"

பிரிவுக்காரர் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் குறிப்புகள் கண்ணில் படும், விஷயம் வெளியே வந்துவிடும். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். "ஒண்ணும் வேணாம், தள்ளிட்டுப் போ" என்றார். வண்டி போய்விட்டது.

புது எடிட்டர் மூன்று எழுத்து அடித்தால்தான் எடுத்துக்கொடுக்கும். அக்கா ஒன்றைத் தட்டினார். எழுத்து மட்டும் தனியாக நின்றது. அடுத்த எழுத்துக்காக விரல் கீபோர்டுக்கு மேலே அங்கும் இங்கும் அலைந்து, மடியில் வந்து விழுந்தது.

"அக்கா, காலாவதி லிஸ்ட் உடனே வேணும்!" என்று மேலாளர் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"இதோ ஆச்சு" என்றார் அக்கா, கணீரென்று. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மேஜைக்கடியில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்து, என் கையைத் தன் கீபோர்டின்மேல் வைத்தார்.