எங்கள் வீட்டு கீசரின் நிறம்

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டு கீசர் ஒழுக ஆரம்பித்தது. ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று விளக்க வேண்டியதில்லை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வரிசையில் இருந்த ஆறு வீடுகளில் கீசர் உள்ள வீடு எங்களுடையது மட்டும்தான். பெங்களூரில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் அப்பா அதைப் பழைய சாமானாக வாங்கி வந்திருந்தார். வெள்ளையாக, குண்டாக, வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கோடு இருக்கும். விளக்கு அணைந்த பிறகுதான் குளிக்க வேண்டும். அதுவரை பள்ளிக்குக் கிளம்புவதைத் தள்ளிப்போடலாம் என்பதால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை இருந்தது.

பார்க்க வந்த மெக்கானிக், போர் தண்ணீரின் உப்பு உள்ளே இருக்கும் டேங்கை அரித்துவிட்டது, புதுசுதான் மாட்ட வேண்டும் என்றார். ஏழாயிரம் ரூபாய், பைப்பும் கூலியும் தனி. அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு பம்பு கம்பெனியில் ஆறு வருடமாக கான்ட்ராக்டில் இருந்தார். நிரந்தரம் ஆகப்போகிறவர்களின் பட்டியல் அந்த மாதக் கடைசியில் வரவிருந்தது, அதில் அவர் பெயரும் இருக்கிறது என்று பேச்சு. பட்டியல் வரட்டும், அதுவரை அடுப்பில் தண்ணீர் காய வைத்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்ட. அதுக்குப் போயி ஏழாயிரமா? எங்க கம்பெனில நாள் பூரா இந்த வேலையத்தான பாக்கோம்" என்றார்.

மறுநாள் நான் பள்ளியில் இருந்தபோது கீசரைக் கழற்றினார். துருப்பிடித்திருந்த வெள்ளை மேல்கூட்டைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தார். உள்ளே இருந்த செம்பு டேங்கை மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். வெளியிலிருந்து எது கொண்டுபோனாலும் கேட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எழுதினால் சொந்த வேலை என்று தெரிந்துவிடுமே என்று அப்பா எழுதவில்லை. உள்ளே போகிற சாக்கை யாரும் கேட்கவும் இல்லை. வெளியே வரும்போதுதான் கேட்டுக்குக் கண் தெரியும் என்பதை ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தவர் எப்படி மறந்தார் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம். கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கிய டேங்கோடு சாயங்காலம் வெளியே வந்தவரைச் செம்பு திருடிவிட்டார் என்று நிறுத்திவைத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் பைக்கில் வந்து விஷயத்தைச் சொன்னார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

செக்யூரிட்டி ரூமில் அப்பா நின்றுகொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தும் அவர் ஏன் உட்காரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. மேசைமேல் செக்கச்செவேலென்று ஏதோ ஒன்று இருந்தது. பழைய சாமான், பில் கிடையாது, மேல்கூடு பெயின்ட் கடையில் இருக்கிறது, கடை பூட்டியிருக்கிறது என்று அம்மா படபடவென்று சொன்னாள். செக்யூரிட்டி ஆபீசர் கன்னடக்காரர். கெட்ட மனிதர் இல்லை.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா. நான் எத நம்பி எழுதறது? உங்க வீட்டுதுன்னு தெரிஞ்சா நோட்டுல ஒரு வரி எழுதிட்டு இப்பவே விட்டுடறேன். இல்லன்னா மேல ஆபீசுக்கு போன் பண்ணணும்."

பிறகு அவர் பார்வை என்மேல் விழுந்தது. "இல்லி பா, புட்டி" என்று கன்னடத்தில் கிட்டே கூப்பிட்டார். "சின்னப் புள்ள பொய் சொல்லாது. நீயே சொல்லு. இது உங்க வீட்டு கீசரா?"

அம்மா என் தோளை அழுத்தினாள். விருந்தாளிகள் ஏதாவது கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல் என்பதற்கும் அப்படித்தான் அழுத்துவாள். நான் மேசையைச் சுற்றிவந்து நன்றாகப் பார்த்தேன். சுவிட்ச் இல்லை. விளக்கு இல்லை. அப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். இவ்வளவு பெரியவர்கள் என் பதிலுக்காகக் காத்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

"இல்ல சார். எங்க கீசர் வெள்ளையா இருக்கும். லைட்டு எரியும்" என்றேன்.

சரியான பதில் சொன்னால் யாராவது வெரிகுட் சொல்வார்கள். அங்கே யாரும் சொல்லவில்லை. ஆபீசர் போனை எடுத்தார். அம்மாவின் கை மறுபடி என் தோளில் விழுந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், எதிலும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் அம்மா பாதி பெயின்ட் அடித்த மேல்கூட்டைத் தூக்கிக்கொண்டு போய் டேங்கோடு பொருத்திக் காட்டினாள். திருட்டு இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்குள், கம்பெனியின் வெல்டிங் கேஸைச் செலவழித்துச் சொந்த வேலை பார்த்தது மேலே வரை தெரிந்துவிட்டிருந்தது. பற்றவைத்துக் கொடுத்தது யார் என்று கேட்டதற்கு அப்பா வாயே திறக்கவில்லையாம். பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. பிறகும் நான்கு வருடம் அங்கே கான்ட்ராக்டிலேயே ஓட்டினார். டேங்கை வீட்டுக்கே கொண்டுவரவில்லை, வழியில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் என்ன தப்பு செய்தேன் என்றாவது தெரிந்திருக்கும். அம்மா இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல் எனக்குத் தலை வாரிவிட்டாள். மூன்றாம் நாள் வாரிக்கொண்டிருக்கும்போதே கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதுவும் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, தவணைக்கு ஒரு புது கீசரை வாங்கி வந்தார் அப்பா. இப்போது போய் எதற்கு என்று அம்மா கேட்டாள். "பிள்ள பச்சத் தண்ணில குளிக்க வேணாம்" என்றார் அப்பா. மெக்கானிக் மாட்டி முடித்ததும் என்னைத் தூக்கி சுவிட்சைப் போடச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வாரமாகப் புரியாமல் இருந்ததெல்லாம் எனக்கு அந்த நிமிடம் புரிந்துவிட்டது.

"நான் உண்மையச் சொன்னேன்ல, அதுக்குத்தானப்பா புதுசு வாங்குனீங்க?"

அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா என்னைக் கீழே இறக்கிவிடாமல் இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார்.

"ஆமா பாப்பா" என்றார்.

மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் அதைச் சொன்னேன்.