மெஷின் என்று நான் குறித்த அக்கா

உயிருள்ள ஒரு மனுஷியை மெஷின் என்று குறித்து, கணக்கிலிருந்தே தூக்கியவன் நான். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இரண்டாவது தடவை தெரிந்தேதான்.

விஷயம் இதுதான். வீடு ஸ்ரீரங்கம், வேலை தில்லைநகரில். புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனி வெப்சைட் செய்து கொடுத்தது. அதில் யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் எங்கள் டாஷ்போர்டு திரையில் ஒரு வரியாக வந்து விழும். அந்த வரிகளைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இலவசக் கண்புரை ஆபரேஷன் முகாமுக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நாளில் ஒரே போனிலிருந்து 'பதிவு செய்' பட்டன். அழுத்தல், தோல்வி. அழுத்தல், தோல்வி... திரை நிறைய அதுதான். ஊர் வையம்பட்டி என்று காட்டியது. கோளாறின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு சிவப்பாக ஏறியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் காட்ட வேண்டும்.

நீங்களாக இருந்தால் கொஞ்சமாவது தோண்டிப் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. மனுஷன் இப்படியா அழுத்துவான், ஏதோ தானாக ஓடும் ப்ரோக்ராம் என்று முடிவுகட்டி, அந்தப் போனை 'மெஷின்' என்று ஃபில்டரில் போட்டேன். அதன்பிறகு அதன் வரிகள் கண்ணில் படாது. கோடு பச்சையானது. டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு வெளியே வந்தால், ரிசப்ஷனில் ஒரு அக்கா. கூடவே அவருடைய அப்பா, சுவரைத் தடவித் தடவி நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார். முகாம் பட்டியலில் அப்பாவின் பெயர் இல்லை.

"வையம்பட்டிலேர்ந்து வரோங்க. நேத்து அமுக்கிக்கிட்டே இருந்தேன், அது சுத்திக்கிட்டே இருந்துச்சு."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ரிசப்ஷன் மேடம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே வெப்சைட் பாக்குறது? இவங்க ட்ரை பண்ணிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க. பண்ணிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி சேத்துடலாம்."

லேப்டாப்பைத் திறந்தேன். ஃபில்டரை எடுக்க ஒரே ஒரு கிளிக். எடுத்தால், சற்றுமுன் காட்டிய ரிப்போர்ட் பொய்யென்று ஆகிவிடும்... பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எதுவும் வரலைங்க."

அந்த அக்கா சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "நம்ம போன் பழசு, அதான் போல. வாங்கப்பா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அப்பாவைக் கைப்பிடித்து எழுப்பினார்.

அன்று சாயங்காலமே காரணம் கிடைத்தது. பெயரைத் தமிழில் அடித்தால் எங்கள் படிவம் ஏற்காது. வெப்சைட்டைத் திறப்பதற்கு முன்பு டெஸ்ட் செய்தபோது கைக்கு வந்த நாலு இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினேன், அது ஜம்மென்று போனது. அர்த்தமே இல்லாத அந்தப் பெயருக்குப் பதிவு கிடைத்தது, அந்த அக்காவின் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. தமிழில் பெயர் எழுதுவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

சரிசெய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. போன் செய்து கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். நம்பர் எங்களிடம் பதிவாகவில்லை. ரிசப்ஷனில் விசாரித்தால் ஏன் என்று கேட்பார்கள்... கேட்கட்டுமே என்று நினைக்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

இப்போது அடுத்த முகாமுக்குப் பதிவு திறந்திருக்கிறது. தினமும் டாஷ்போர்டில் வையம்பட்டி என்று ஒரு வரி வருகிறதா என்று பார்க்கிறேன். அந்தப் போனிலிருந்து எதுவும் வரவில்லை.

வராது. வந்தாலும் ஃபில்டர் காட்டாது. அதை எடுத்தால் அந்தப் பழைய கோடு மறுபடி சிவப்பாகிவிடும். நான் இன்னும் ஃபில்டரை எடுக்கவில்லை.