மரியா என்று கூப்பிட்ட வேளை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் தூத்துக்குடியில் சொந்த லாரிகள் வைத்திருக்கிறேன். சமையலறை மூலை அலமாரியைக்கூட நானே செய்தேன். நடுக்கம்பியில் இரண்டு தட்டுகள், கை வைத்தால் சுற்றி வரும். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டில் உண்டு?

போன மாதம் மேல்தட்டு இறங்கிப்போய், சுற்றும்போதெல்லாம் கிறீச்சிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்ட கையோடு போய், புதுத் துறைமுகத்தில் பாரம் இறக்கும் என் மச்சினனை இழுத்து வந்தேன். சாமான்களோடு தட்டை அவன் தூக்கிப் பிடிக்க, நான் அடியில் கைவிட்டுத் திருகாணியைத் தளர்த்தினேன். வெளிச்சம் போதவில்லை. விளக்கு கேட்பதற்காக மனைவியை, "மரியா!" என்று கத்திக் கூப்பிட்டேன்.

தட்டு தடாலென்று இறங்கியது. கீழ்த்தட்டில் நின்ற, அரிசி அளக்கும் பித்தளைப் படி தாங்கிக்கொண்டதால் என் விரல்கள் பிழைத்தன.

"ஏலே, ஏம்ல விட்ட?"

"நீங்கதான மச்சான் 'ஆரியா'ன்னு சொன்னிய!"

துறைமுகத்தில் 'ஆரியா' என்றால் பாரத்தை இறக்கு என்று அர்த்தம்.

இப்போதெல்லாம் தட்டைக் காலி செய்து, அடியில் படியை நிறுத்திய பிறகே திருகாணியைத் தொடுகிறேன். யார் கையிலாவது பாரம் இருந்தால், மனைவியை "ஏளா" என்றுதான் கூப்பிடுகிறேன்.

"ஞானஸ்நானத்துல வச்ச பேருக்கு என்ன கொறச்சல்?" என்று அவள் முறைக்கிறாள்.

பத்து விரலையும் விரித்துக் காட்டுகிறேன்.