வேர்வை நின்ற கை

செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. சின்ன வயதிலிருந்தே என் உள்ளங்கைகள் வியர்த்துக்கொட்டும். மார்கழியிலும் சொட்டும். ஒருமுறை கல்யாணப் புடவை ஒன்றில் என் விரல்கள் கறையாகப் பதிந்துவிட்டன. முதலாளி என்னை பில் போடும் மேசைக்கு மாற்றினார். அங்கே காகிதம் ஊறியது.

களிம்பும் மாத்திரையும் கேட்கவில்லை. கடைசியில் நெஞ்சு ஆபரேஷன் செய்யும் மருத்துவரிடம் போனோம். என் கணவர் மிரண்டுபோனார்.

"ஏனுங்க டாக்டர், கை வேர்க்கறதுக்கு நெஞ்சைப் பொளக்கோணுங்களா?"

"பொளக்கறதில்லைங்க. அக்குளுக்குக் கீழ சின்னத் துளைதான். கேமரா விட்டுப் பார்த்து, உள்ள கை வேர்வையைத் தூண்டற ஒரு நரம்பை வெட்டிருவோம். அதுவரைக்கும் நுரையீரலைச் சுருங்க வெச்சிருந்து, அப்புறம் விரிய வெச்சிருவோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு யோசிச்சுக்கங்க. கையில நின்ன வேர்வை முதுகுல, வயித்துல கிளம்பலாம். வெட்டுன நரம்பைப் பழையபடி ஆக்க முடியாது."

யோசித்துத்தான் சம்மதித்தேன்.

கண் விழித்தபோது, மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. வலித்தாலும் இருமச் சொன்னார் நர்ஸ். கைகளைத் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தன. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கணவர் என் கையைப் பிடித்தவர் சட்டென்று விட்டார்.

"வேற யார் கையையோ தொட்ட மாதிரி இருக்குது" என்று சிரித்தார். அன்றைக்கு மறுபடி பிடிக்கவில்லை.

பட்டுப் பிரிவில் பழைய வேலை கிடைத்தது. கோடை வந்தது. ஓமலூர் பஸ்ஸில் ஏறுவதற்குள் முதுகு தொப்பலாக நனைந்துவிடும். டாக்டர் சொன்னதுதானே என்று இருந்தேன்.

ஒரு மத்தியானம் நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. நெற்றியில் கை வைத்தேன். கண்ணைத் திறக்காமலே தள்ளிவிட்டாள்.

"இந்தக் கை வேண்டாம். அம்மா கை வேணும்."

"அம்மாதான் சாமி."

"இல்ல. அம்மா கை சில்லுனு இருக்கும்."

குழாயில் கையை நனைத்து வந்து வைத்தேன். இந்த முறை தள்ளிவிடவில்லை. ஈரம் காய்ந்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த அறையில் இன்னொருத்தி இருந்து, இப்போதுதான் வெளியே போனது போல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காய்ச்சல் இறங்கியது. அவள் அதை மறந்தும்விட்டாள். ஆனால் தூக்கத்தில் அவள் என்னைத் துழாவும்போது இன்றுவரை நான் கையைக் கொடுப்பதில்லை. வேர்வையில் நனைந்து சில்லென்றிருக்கும் முதுகை அவள் பக்கம் காட்டிப் படுத்துக்கொள்கிறேன்.