மூடி மட்டும் கிடைக்குமா?

அந்தத் தெருவில் அவளுக்கு மூடியக்கா என்று பெயர். முதலில் அப்படிக் கூப்பிட்டவர் பார்சல் எடுக்க வரும் கூரியர்காரர். தினமும் ஒரே மாதிரி தட்டை தட்டையான பொட்டலங்களைப் பையில் அடுக்கி அலுத்துப்போய், ஒரு நாள் வாசலில் நின்று, "மூடியக்கா, இன்னிக்கு எத்தனை?" என்று குரல் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. "பேரச் சொன்னாலே தொழில் தெரியுது. விளம்பரச் செலவு மிச்சம்" என்பாள்.

அதற்கு முன் பதினொரு வருடம் அவள் வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு மூன்று மாடிக் கடையில் வேலை பார்த்தாள். தரைத்தளத்தின் கோடியில், படிக்கட்டுக்கு அடியில், வாங்கிய பொருளைத் திருப்பித் தர வருகிறவர்களுக்கான கவுண்டர் அவளுடையது. மற்ற கவுண்டர்களுக்கு ஆட்கள் சிரித்த முகத்தோடு வருவார்கள். அவளிடம் வருகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். கைப்பிடி ஆடுகிறது, அடி பிடிக்கிறது, படத்தில் பார்த்த நிறம் இது இல்லை. எல்லாவற்றையும் காதுகொடுத்துக் கேட்டு, ரசீதைப் புரட்டிப் பார்த்து, பொருளைத் தட்டிப் பார்த்து, யார் சொல்வது நிஜம், யார் கதை விடுகிறார் என்று அவளுக்குச் சொல்லத் தெரியும்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு பேர் எதையும் திருப்பித் தராமல் வெறுங்கையோடு வந்து நிற்பார்கள். கொஞ்சம் கூச்சத்தோடு கவுண்டரில் சாய்ந்து, "மூடி மட்டும் தனியா கிடைக்குமாங்க?" என்பார்கள். கண்ணாடி மூடி கைதவறி உடைந்திருக்கும். பாத்திரம் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கும். "இல்லைங்க, செட்டாத்தான் வரும்" என்று சொல்லி அனுப்புவாள். அதைச் சொல்லிச் சொல்லி வாய்ப்பாடாகிவிட்டிருந்தது.

அவளுடைய நாற்பத்து நான்காவது வயதில் கடையை மூடினார்கள். வேறு கடைகளில் வேலை கேட்டாள். எல்லோரும் இருபத்தைந்து வயதுப் பெண்ணைத்தான் தேடினார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டிடமெல்லாம் ஏறி இறங்குகிறவர். "கொஞ்ச நாள் சும்மாதான் இரேன்" என்றார். சும்மா இருப்பது அவளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை.

இணையத்தில் கடை போட்டாள். எல்லோரும் என்ன விற்றார்களோ அதையே அவளும் விற்றாள்: மேசை விளக்கு, கைபேசி உறை, பயணப் பை. எல்லோரும் வாங்கும் அதே மொத்தவிலைக் கடைத்தெருவில் வாங்கினாள். அதே விளக்கை, அதே படத்தைப் போட்டு, நூறு பேருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலையில் விலையைக் கொஞ்சம் இறக்குவார். மதியம் இவள் அதற்குக் கீழே இறக்குவாள். சாயங்காலம் மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் கவிழ்ப்பார். ஆர்டர் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. வீடு முழுக்க அட்டைப்பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் ஒரு காகிதத்தை எடுத்து, விளக்கின் விலையோடு இணையதளத்துக்குப் போகும் தரகு, பெட்டி, கூரியர், உடைந்து திரும்பி வருவது எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"ஒவ்வொரு விளக்கோடவும் உன் கையிலேர்ந்து கொஞ்சம் காசு வச்சுக் கட்டி அனுப்புற. வாங்குறவங்க உனக்கு நன்றிக் கடிதமே எழுதலாம்."

கோபம் வந்தது. ஆனால் கணக்கில் பிழையில்லை.

அந்த வாரமே மாடியில் குடியிருந்த நாத்தனார் கீழே வந்து பாத்திரம் கழுவிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்து, பெரிய வாணலியின் கண்ணாடி மூடியைத் தொட்டியில் போட்டு உடைத்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள் அவள். வலியில் துடிக்கிறவர்களையே பேச்சால் உட்கார வைத்துவிடுகிற ஆள், அன்று தானே தடுமாறினாள்.

"ஐயோ அண்ணி, நான் வேற வாங்கிக் குடுத்துடறேன்."

"மூடி மட்டும் எங்க கிடைக்கும்?" என்று சொன்னவள், அப்படியே நின்றுவிட்டாள். பதினொரு வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் கேள்வி இப்போது தன் வாயிலிருந்து வந்திருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தாள். நாலைந்து மூடிகள் இருந்தன. எதிலும் சரியான அளவு போடவில்லை. "எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தார்கள். எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்தும் மூடி உலகத்தில் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

சரக்கு எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும். கடைகளிலிருந்து பழுதென்று திரும்பி வரும் பாத்திரங்கள் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக் கிடங்குக்குப் போய்ச் சேரும். இத்தனை வருடம் அந்தக் கிடங்குக்கான சீட்டை எழுதி அனுப்பியதே அவள்தான். மறுநாள் பஸ் பிடித்துப் போனாள். கிடங்குக்காரர் கனத்த உடம்பு, காதில் பேனா. பின்னால் ஆளுயரத்துக்குக் குவியல்: நசுங்கியவை, கைப்பிடி போனவை, பூச்சு உரிந்தவை. பெரும்பாலானவற்றின் மூடிகள் அப்படியே முழுசாக இருந்தன.

"எனக்கு மூடி மட்டும் வேணும்."

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். "பாத்திரத்த விட்டுட்டு மூடியக் கேக்குற மொத ஆளு நீங்கதாம்மா."

"பாத்திரத்த நீங்க பழைய இரும்புக்குப் போடுவீங்க. கண்ணாடி மூடிய அவங்க எடுக்க மாட்டாங்க. நீங்களே ஆள் வச்சுப் பிரிச்சு, குப்பைக்கு வண்டி வச்சு அனுப்பணும். சரியா?"

அவர் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"பிரிக்கிற வேலைய நானே செய்யறேன். உங்களுக்கு ஆள்கூலி மிச்சம், வண்டியும் மிச்சம். மூடி ஒண்ணுக்கு இவ்வளவு தரேன்." ஒரு தேநீர் விலையில் பாதியைச் சொன்னாள்.

"ரொம்பக் கம்மியா இருக்கே!"

"குப்பைக்குப் போனா என்ன கிடைக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். "எங்கம்மா வேலை பார்த்தீங்க இத்தனை நாளா?" என்று கேட்டார். சொன்னாள். "அதான பார்த்தேன்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதல் நாள் தொண்ணூற்றிரண்டு மூடிகளோடு ஆட்டோவில் வீடு வந்தாள். கணவர் தம் கருவிப் பெட்டியிலிருந்து நீளமான அளவுகோலைக் கொடுத்தார். விளிம்பின் உள்ளளவு, வெளியளவு, உயரம் என்று ஒவ்வொன்றையும் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தார்கள். மூடியைக் குப்புறப் போட்டு, மேலே அளவுகோலை வைத்து, எண் தெரியும்படி படம் எடுத்தார்கள். நாத்தனார் படம் எடுத்தாள். கணவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டார்.

விலை வைக்கும்போதுதான் வீட்டில் பேச்சு நீண்டது.

"வாங்குன விலைக்கு மூணு மடங்கு வை. அதுவே அதிகம்" என்றார் கணவர்.

"நாம என்ன விலைக்கு வாங்கினோம்னு அவங்களுக்கு எதுக்கு? மூடி உடைஞ்சவங்களுக்கு முன்னாடி ரெண்டு வழிதான். ஒண்ணு, தட்டை வச்சு மூடிச் சமாளிக்கணும். இல்லன்னா புதுப் பாத்திரமே வாங்கணும். புதுப் பாத்திரத்தோட விலையில நாலுல ஒரு பங்கு வைக்கிறேன். கூரியர் செலவு அதுக்குள்ளயே."

"யாரு வாங்குவாங்க அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"பாத்திரம் பிடிச்சுப் போனவங்க வாங்குவாங்க."

இன்னொன்றும் சேர்த்தாள்: பொருந்தாவிட்டால் பணம் திரும்ப வரும், மூடியை அனுப்ப வேண்டாம். இதற்குக் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு கண்ணாடி மூடி திரும்பி வரும் செலவு மூடியைவிட அதிகம், அதுவும் உடையாமல் வராது என்று அவள் விளக்கினாள். ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்கள், எத்தனை பேர் இருப்பார்கள் என்பது பதினொரு வருடம் கவுண்டரில் நின்றவளுக்குத் தெரியாதா? நூற்றுக்கு இரண்டு. அந்த இரண்டையும் விலையிலேயே சேர்த்திருந்தாள்.

தொண்ணூற்றிரண்டும் இருபது நாளில் தீர்ந்தன.

அதன்பிறகு வந்த செய்திகளுக்குப் பதில் எழுதும் வேலையை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். ஒருவர் தம் பாத்திரத்தின் அளவு "ஒரு சாண், ரெண்டு விரல்" என்று எழுதினார். உங்கள் சாண் எவ்வளவு நீளம் என்று இவள் பணிவாகக் கேட்டாள். "சாதாரண சாண்தாங்க" என்று பதில் வந்தது. மூன்று நாள் பேசி, கடைசியில் அவருடைய மனைவி பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பினார்.

எல்லாம் நேராகவே போய்விடவில்லை. இரண்டாம் வருடம், ஒரு தொழிற்சாலை உணவகத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாள். புத்தம்புதிய முந்நூறு மூடிகள், ஒரே அளவு, உறைகூடப் பிரிக்காதவை. விலை கேட்டதும் கண் மண் தெரியவில்லை, மொத்தமாக வாங்கிவிட்டாள். வீட்டில் இறக்கி அளந்த பிறகுதான் உறைத்தது, அவ்வளவு அகலமான பாத்திரம் எந்த வீட்டுச் சமையலறையிலும் கிடையாது. நாலு மாதம் அவை கூடத்தில் நின்றன. இந்த முறை கணவர் காகிதத்தை எடுத்துக் கணக்கு எழுதவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகக் குத்தியது. விருந்துச் சமையல்காரர் ஒருவர் நாற்பது எடுத்துக்கொண்டார். மீதி இன்னமும் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் இருக்கிறது. அன்று முதல் ஒரே அளவில் இருபதுக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டாள். யார் எவ்வளவு இறக்கிச் சொன்னாலும் இருபதுதான்.

மூன்றாம் வருடம் போட்டிக்கு ஒருவர் வந்தார். அவளுடைய விலையில் பாதி. படங்களும் அவளுடையவையே. அளவுகோலைப் பிடித்திருந்த கணவரின் கட்டைவிரல், அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி உட்பட, அந்த ஆளின் கடையில் இருந்தது.

"என் விரல வச்சு எவனோ பொழைக்கிறான்!" என்று குதித்தார் கணவர்.

பத்து நாளில் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. "நாமளும் கொறச்சிடலாம் அண்ணி. இல்லன்னா வர்ற ஆளுங்களும் அவருகிட்டயே போயிடுவாங்க" என்றாள் நாத்தனார். மேசை விளக்கு விற்ற காலத்து மூடியக்காவாக இருந்தால் அன்று மதியமே குறைத்திருப்பாள். இப்போது அவள் அந்தக் கடையிலிருந்தே இரண்டு மூடிகளை வரவழைத்தாள். புதுச் சரக்கு, தொழிற்சாலையிலிருந்து மொத்தமாக வாங்கியது; அவர் கடையில் இருந்ததே நான்கு அளவுகள்தான். எல்லாக் கடையிலும் கிடைக்கும் அளவுகள் அவை. ஒன்று சரியாக இருந்தது. மற்றொன்று மூன்று மில்லிமீட்டர் சிறியது.

"இந்த நாலு அளவ அவருக்கே விட்டுடுவோம்" என்றாள்.

"விட்டுடறதா?"

"அவரு லாரியில வாங்குறாரு. நான் ஒண்ணொண்ணாப் பொறுக்குறேன். அவரு விலைக்கு நான் இறங்கினா நான்தான் காலி. என்கிட்ட இருக்கற நீள்வட்ட மூடி, சதுர மூடி, கம்பெனிக்காரன் செய்யறத நிறுத்திட்ட பழைய அளவு, இதெல்லாம் அவருக்கு எந்தத் தொழிற்சாலையில கிடைக்கும்?"

சொன்னபடியே செய்தாள். அந்த நான்கு அளவுகளையும் கடையிலிருந்து எடுத்தாள். கிடங்குக்காரரிடம் போய், இனி வட்டத்தில் சாதாரண அளவு வேண்டாம், விசித்திரமானதாகப் பார்த்து ஒதுக்கி வையுங்கள் என்றாள். இன்னும் இரண்டு கிடங்குகளைத் தேடிப் பிடித்தாள். ஊரில் வேறு யாரிடமும் இல்லாத அளவுகளுக்குப் புதுப் பாத்திர விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று ஏற்றினாள். ஒரு மாதம் மந்தமாகத்தான் போயிற்று. இரண்டாம் மாதம் பழைய நிலைக்கு வந்தது. மூன்றாம் மாதம் கூரியர்காரர் ஒரு பைக்குப் பதில் இரண்டு பை கொண்டு வர ஆரம்பித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் ஈரத்துணியால் மூடி துடைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"மேடம், நானும் மூடிதான் விக்கிறேன்." குரலில் தயக்கம். "என்கிட்ட தினமும் பத்துப் பேரு நீள்வட்டம் கேக்குறாங்க. உங்ககிட்ட இருக்குன்னு பார்த்தேன். எனக்கு மொத்தமாத் தருவீங்களா?"

யாரென்று உடனே தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தருவேன். என் விலையில பத்துல ஒரு பங்கு கொறைப்பேன்."

"பாதிக்குத் தர முடியாதா மேடம்?"

அவள் ஒன்றும் பேசவில்லை. கவுண்டரில் பழகிய வித்தை அது. மௌனத்தை நிரப்ப எதிராளியே ஏதாவது சொல்வார்.

"ஒரு கால் பங்காவது..."

அவள் அடுத்த மூடியைத் துடைத்தாள்.

"சரி மேடம். பத்துல ஒண்ணு."

"இன்னொண்ணும் இருக்கு. உங்க கடையில இருக்கற படத்துல ஒரு கட்டைவிரல் இருக்கு பாருங்க. அது எங்க வீட்டுக்காரரோடது. இன்னிக்குள்ள எடுத்துடுங்க."

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். மதியத்துக்குள் படங்கள் போயிருந்தன. அவர் இன்றும் மாதம் இரண்டு முறை வாங்குகிறார், சொன்ன தேதிக்குப் பணம் அனுப்புகிறார். சாதாரண அளவு கேட்டு வருகிறவர்களை இவள் அவரிடம் அனுப்புகிறாள், "அளந்து அனுப்பச் சொல்லுங்க" என்ற எச்சரிக்கையோடு.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு பழைய தங்கும் விடுதியைக் காலி செய்தார்கள். மேலாளர் அவளை நிலவறைக்குக் கூட்டிப்போய், ஆணி அடித்த நான்கு மரப்பெட்டிகளைக் காட்டினார். உள்ளே இருப்பதெல்லாம் குடுவை மூடிகள் என்றார். அவற்றை அவள் இதுவரை விற்றதில்லை.

"மொத்தமா எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தாள். "மொதல்ல பெட்டியத் திறங்க."