சக்கரபாணியின் வாஷர் டை

விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற பட்டறைகளுக்கு நடுவே விமலாராணியின் தகரக் கொட்டகை இருந்தது. கட்டைக்குள் பொருத்துகிற பித்தளைத் துண்டுகளைக் கைப்பிரஸ்ஸில் அடித்துக் கொடுப்பாள். அப்பா நடத்திய தொழில். அவர் இறந்ததும் அண்ணன் ஆன்றோ சென்னைக்குப் போய்விட்டான். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அத்தோடு நின்றுபோனது. நாற்பதைத் தாண்டியிருந்தாள். கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி வலது தோள் பருத்துவிட்டதால் ரவிக்கையைத் தானே தைத்துக்கொண்டாள்.

பெரிய பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் கேட்டால்தான் மெஷினில் டை என்கிற வெட்டு அச்சை மாட்டுவார்கள். நூறு, இருநூறு என்றால் விமலாராணியிடம் அனுப்பிவிடுவார்கள். 2003இல் சக்கரபாணி வந்ததும் அப்படித்தான். பெண்ணாடத்தில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ரிப்பேர் பார்ப்பவர். பழைய மாடலுக்கான பித்தளை வாஷர் எங்கும் கிடைக்காததால், அதை வெட்டுவதற்கென்றே மேலும் கீழுமாக இரண்டு இரும்பு அச்சு கொண்ட டை ஒன்றை நெய்வேலியில் செய்து எடுத்து வந்திருந்தார்.

"எறநூறுதாங்க வேணும். அடிச்சித் தருவீங்களா?"

"குடுங்க, பாக்கறேன்."

முதலில் விழுந்த வாஷர்களின் ஓரமெல்லாம் பிசிறு. எந்தப் பக்கம் சரியாக வெட்டவில்லை என்று அறிய, அவள் காகிதத்தை வைத்து அடித்துப் பார்த்தாள். கீழ் அச்சை மயிரிழை நகர்த்தினாள். பிறகு சுத்தமாக விழுந்தது.

டையை அவளிடமே விட்டுப் போனார். வாஷர் தீரத் தீரப் பித்தளைத் தகட்டோடு வருவார். அவள் அடிக்க, அவர் எதிரே குந்தி வாஷர்களைப் பொறுக்குவார். மனைவி இறந்ததை ஒருநாள் சொன்னார்.

"தனியா ஆக்கித் தின்னா எதுவுமே ருசிக்க மாட்டேங்குதுங்க."

"எனக்குந்தான்" என்றாள், தலை நிமிராமல்.

அடுத்த முறை வந்தபோது, "ஒரே தடவையா ஐந்நூறா அடிச்சிக்கலாங்களா?" என்று கேட்டார்.

"டை சூடாயிடும். எறநூறே போதும்."

கைப்பிரஸ்ஸில் டை அப்படிச் சூடாவதில்லை. அது அவருக்குத் தெரியுமோ என்னவோ, சரி என்று தலையாட்டினார்.

மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் தகடு இல்லாமல் வந்து நின்றார்.

"கடைய வித்துட்டேங்க. திருப்பூர்ல பையன் வூட்டோட போறேன். வாங்கனவரு கடலூர்ல அடிச்சிக்குவாராம். அந்த டைய குடுத்தீங்கன்னா..."

"எப்ப கெளம்புறீங்க?"

"ஞாயித்துக்கெழம."

அவள் டையைத் துடைத்து, துரு ஏறாமல் கிரீஸ் தடவி, பாலிதீனில் சுற்றினாள். இருந்துவிடுங்கள் என்று சொல்ல முடியுமா? எந்த உறவில் சொல்வது? அவர் வாங்கிக்கொண்டு வாசலில் கொஞ்சம் தயங்கினார்.

"ஒடம்பப் பாத்துக்குங்க."

"நீங்களும்."

"போயிட்டு வரேங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு பிரின்சி எட்டிப் பார்த்து, "காய்ச்சலாக்கா?" என்றாள்.

"ஆமா, லேசா."

மறுநாள் பியூஸ் துண்டு அடிக்க உட்கார்ந்தாள். மத்தியானம் கை கழுவப் போனபோதுதான், காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது தெரிந்தது.